மீதி நாலு

இக்காரியாத் தீவில் மருந்துக்கடை என்னுடையது ஒன்றுதான்.
மாத்திரை வாங்க வருவான் லெஃப்தெரிஸ்,
கப்பலுக்குக் கயிறு கட்டுபவன்.
எவாந்தியாவுக்குத் தெரிய வேண்டாம் என்பான்.

அவள் வைத்தியம் ஓரிகானோக் கஷாயம்.
இலைக்கு அவனையே மலையேற்றுவாள்:
பூத்ததாகப் பறி,
கீழ்ச்சரிவு வேண்டாம், ஆடு வாய் வைத்தது.

விரல்நுனியில் ஒரு பொட்டு ரத்தம்.
இருநூற்றுப் பத்து
இன்று நூற்று நாற்பத்தொன்று.

"பார்த்தாயா என் இலையை!"
எனக்கும் ஒரு கட்டு, மேசைமேல்,
மருந்து நெடியை மீறி மணக்க.

பார்த்தேன்.
வாசலில் நிற்பவன் செருப்பையும்:
குதிகால் தேய்ந்து, வார் அறுந்து,
தையலுக்குள் மலைமண்.

கிளம்பும்போது அவள்
குரலைத் தாழ்த்தினாள்.
"அட்டையில் நாலுதான் மீதி.
தீருமுன் அடுத்ததைக்
கொடுத்துவிடு அவனிடம்."