மைனர்

படிவத்தில் ஒரு கட்டம்:
உயிர்மருத்துவப் பொறியியலில் மைனர், ஏன்?
இருநூறு சொற்களுக்குள்.
வேலைவாய்ப்பு என்று எழுதினேன்.
பல்துறை அறிவு என்றும். எல்லோரும் எழுதுவது.
ஆலோசகர் கோவல்ச்சுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து
"இயந்திரவியலோடு கூடுதலாக ஆறு பாடம்,
ஒரு கோடை விடுமுறை காலி. சம்மதமா?" என்றார்.
தலையாட்டினேன்.
நம் தலையாட்டல்
ஆமாவா இல்லையா என்று அவருக்குப் பிடிபடவில்லை.
வாயாலும் சொன்னேன்.

வீட்டில் சொன்னதும் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.
"மைனரா? பட்டு ஜிப்பா எங்கே,
புலிநகம் வைத்த சங்கிலி எங்கே?
ஊர் உலகத்தில் மைனர் வளர்ந்து மேஜராவான்.
என் மகள்
மேஜரான பிறகு மைனராகிறாள்!"
அன்றிலிருந்து எனக்கு அங்கே வேறு பெயரில்லை.
மைனர் சாப்பிட்டாச்சா.
மைனர், ராத்திரியே குப்பைத் தொட்டியை வெளியே தள்ளு,
நாளைக்கு வெள்ளி.

சிரிப்பு ஓய்ந்து ஒரு நொடி மௌனம் விழுந்தால்
எங்கள் வீட்டில் அது கேட்கும்.
டிக்.
கடிகாரமில்லை. நாங்கள் வாங்கியதேயில்லை.
சட்டையின் மூன்றாம் பொத்தானுக்குச் சற்று இடப்பக்கம்,
எனக்கு ஏழு வயதில் வைத்த வால்வு.
இரண்டு கார்பன் இதழ்.
திறக்கும்போது சத்தமில்லை, மூடும்போதுதான்.
கண்ணாமூச்சியில் அவர் ஒருநாளும் ஜெயித்ததில்லை.
கோட்டு அலமாரிக்குள்
டிக் டிக்கென்று ஒளிந்திருப்பார்.

வியாழன் மாலை ஆறரைக்கு ஆய்வகம்.
ஹாமில்டனில் முந்நூறு அடிச் சரிவுக்கு மலை என்று பெயர்.
மலைமேல் நாங்கள், மலையடியில் வளாகம்,
நடுவே பனியில் முனகிக்கொண்டு இறங்கும் பேருந்து.

கண்ணாடித் தொட்டி.
கிளிசரினும் தண்ணீரும் கலந்த, நிறமில்லாத போலி ரத்தம்.
நிமிடத்துக்கு எழுபது என்று பம்பைத் திருகினான் மத்தேயோ.

டிக்.

பென்சில் என் கையிலேயே நின்றது.
"இந்தச் சத்தத்தோடு எப்படித்தான் தூங்குவார்களோ"
என்றான் அவன்.
நல்ல பையன். அளவுகளைத் துல்லியமாக எடுப்பவன்.
சத்தமில்லாமல் எப்படித் தூங்குவது என்றுதான்
எனக்குத் தெரியாது.
முதலாம் ஆண்டு விடுதியில் பத்து நாள் தாக்குப்பிடித்தேன்.
செலவு மிச்சம் என்று சொல்லி
வீட்டுக்கே திரும்பிவிட்டேன்.
எல்லோரும் நம்பினோம்.

ஒவ்வொரு மூடலிலும் கொஞ்சம் பின்னோக்கி வழிகிறது.
வரைபடத்தில் பூஜ்யத்துக்குக் கீழே ஒரு சின்னப் பல்.
பிழை என்று குறித்தேன், அழித்தேன்.
பிழையில்லையாம். வேண்டுமென்றே விட்ட கசிவாம்.
இதழ்களின் ஓரத்தைக் கழுவிக்கொண்டே இருக்கத்தான்,
இல்லாவிட்டால் ரத்தம் உறைந்துவிடும்.
பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரே ஒரு வரி.
முருங்கைக்கீரையை அம்மா
வாரம் ஒரு கரண்டி என்று அளந்து போடுவதும்
அந்த வரியில்தான் எங்கோ இருக்கிறது.

அடிக்குறிப்பில் இன்னொன்று:
இப்படிப்பட்ட வால்வுகளை நாற்பது கோடித் துடிப்புவரை
சோதித்துப் பார்க்கிறார்கள்.
திரும்பும் பேருந்தில் பயணச்சீட்டின் பின்புறம் கணக்குப் போட்டேன்.
நிமிடம், மணி, நாள், பதின்மூன்று ஆண்டு.
நாற்பத்தெட்டுக் கோடி சொச்சம்.
மறுபடி போட்டேன்.
சீட்டை நாலாய் மடித்துக் காலணிக்குள் செருகினேன்,
ஏன் அங்கே என்று கேட்காதீர்கள்.

பத்தேகாலுக்கு ரசத்தைச் சுடவைத்து
அப்பா விழித்திருந்தார்.
"மைனர், இன்றைக்கு என்ன கண்டுபிடிப்பு?"
"மூடும்போதுதான் சத்தம் வருகிறது."
"இதற்கு நான் கட்டணம் வேறு கட்டுகிறேன்."
அப்பளத்தை என் தட்டுக்குத் தள்ளினார்.

இடைத்தேர்வில் அறுபத்தொன்று.
மைனருக்கு அறுபத்தைந்து வேண்டும்.
அதையும் சொல்லவில்லை.

சுவருக்கு அந்தப்பக்கம் அவர் புரண்டு படுத்தார்.
நாற்பத்தெட்டுக் கோடியே ஒன்று,
நாற்பத்தெட்டுக் கோடியே இரண்டு,
முப்பதோ முப்பத்தொன்றோ, அதற்குள் தூங்கிவிட்டேன்.

காலையில் லாரி போனபிறகுதான் ஞாபகம் வந்தது,
குப்பைத் தொட்டி.