அவதானிப்புப் படிவம்

நேரம், விலங்கு, எண்ணிக்கை, நடத்தை.
கடைசியாகக் குறிப்பு என்று ஒரு கட்டம்,
தீப்பெட்டி அகலம்.
பல்கலைக்கழகத்துப் பெடியன் கொண்டுவந்து தந்தான்.
பூங்காவைப் பார்த்த ஜன்னல் என்னுடையது,
அதனால் கிரகணமும் என்னுடையதாயிற்று.

11.50. நாய், ஒன்று. படுத்திருக்கிறது.
12.10. அதே நாய். மறுபக்கம் படுத்திருக்கிறது.
12.25. வௌவால். எண்ண முடியவில்லை,
நூற்றைம்பத்தைந்தாம் நம்பர் பஸ்ஸைத்
தலைகீழாகப் பிடித்த மாதிரி
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தொங்குகின்றன.

கன்டீன் பர்ஹானா இடியப்ப உரலின் தகட்டை
ஈரத்தோடு முற்றத்துக்குக் கொண்டுவந்து பிடித்தாள்.
துளைக்கு ஒரு சூரியன் சீமெந்தில் விழுந்தது,
எல்லாம் கடிபட்டவை.
"வெட்டிப் போட்ட நகம்" என்றாள்.
சிரித்தோம். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பிறகு வெயில் இருந்தது, சூடு இல்லை.
1.05. காகம், பத்து.
1.08. காகம், அறுபது.
கோட்டையிலிருந்து, கொள்ளுப்பிட்டிக் கடற்கரையிலிருந்து,
பின்னேரம் ஆறுக்கு வரவேண்டியவை
எல்லாம் வந்தன.
கத்தவில்லை.
கொழும்புக் காகம் வாய் திறக்காமல் பறந்து
நான் பார்த்ததேயில்லை.

முதுகுக்குப் பின்னால் லாச்சி இழுபட்டது.
கணக்குப் பகுதி அருளப்பு,
திறக்காத சாப்பாட்டுப் பெட்டியைப் பைக்குள் வைத்தார்.
மூக்குக்கண்ணாடியைக் கூட்டுக்குள்.
சட்டைப்பையைத் தடவினார்:
அடையாள அட்டை இருந்தது.
எத்தனை மணிக்குப் பிடிக்கும், எத்தனைக்கு விடும் என்று
காலையில் பேப்பர் பார்த்து எங்களுக்குச் சொன்னவரே அவர்தான்.
"எங்கே?" என்றேன்.
படியிறங்கிவிட்டார்.

ஹோல்ட்டில் போய் நின்றார்.
வரும் பஸ்ஸைப் பார்க்கவில்லை,
சந்தியின் நாலு பக்கத்தையும் பார்த்தார்.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம்
யாரோ ஒருவர் எதையோ சொல்ல
கந்தோர் லாச்சிகள் எல்லாம் ஒன்றாக மூடுமாம்.
எனக்கு லாச்சி தெரியாது, நான் அப்போது பள்ளிக்கூடம்.
வெள்ளைச் சீருடையோடு வெள்ளவத்தை வரை நடந்தோம்.
கடைக்கதவுகள் எங்களுக்கு முன்னே முன்னே
விழுந்துகொண்டு போயின.
மரியா அக்கா எங்கள் நெற்றிகளைத்
தன் லேஞ்சியால் துடைத்துவிட்டாள்,
என்னத்துக்கு என்று யாரும் கேட்கவில்லை.

1.22. காகம், மரம் நிறைய. குந்தியிருக்கின்றன.
வௌவால், ஒன்று: கிளம்பியது,
ஒரு சுற்றுச் சுற்றியது, பழைய இடத்திலேயே தொங்கியது.
நாய் எழும்பியது, மதிலில் காலைத் தூக்கியது,
படுத்தது.

தேத்தண்ணியில் சாயம் இறங்குவது மாதிரி
வெளிச்சம் மெல்ல நிறம் பிடித்தது.
காகங்கள் முதலில் கத்தின, பிறகுதான் பறந்தன,
யார் முதலில் சொன்னது என்று
ஆளையாள் ஏசிக்கொண்டு.

அருளப்பு திரும்பி வந்தார்.
"பஸ் வரவில்லை" என்றார்.
அவரைத் தாண்டி மூன்று பஸ் போனதை நான் பார்த்தேன்.
பெட்டியைத் திறந்தார். பயிற்றங்காய், பாதி முட்டை.
நான் தண்ணீர்ப் போத்தலை அவர் பக்கம் தள்ளினேன்.

மூன்றரைக்குப் பெடியன் வந்தான்.
படிவத்தை மேலிருந்து கீழே வாசித்தான்,
தலையாட்டினான்,
குறிப்புக் கட்டத்தில் நின்றான்.
"இது என்ன, மிஸ்?"
கறுப்பாக, வட்டமாக, ஒட்டியிருந்தது.
நகத்தால் மெதுவாகச் சுரண்டினான்.
நான் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.