வலப்பக்கம்

குருமண்வெளித் துறையில் பதினெட்டு வருசமாய்ப்
பாதை ஓட்டுகிறேன்.
வாடையில் வாவி குதிக்கும் நாளிலும்
தலை சுற்றியதில்லை எனக்கு.
சத்தி எடுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத்
தேசிக்காய் நீட்டுகிற கை இது.

மாசியில் ஒரு வெள்ளாப்பில்,
தண்ணீரிலிருந்து முழுதாய் ஒரு கட்டை தள்ளி,
என் கட்டிலில்
கவிழ்ந்தேன்.

செய்தது இவ்வளவுதான்: வலப்பக்கம் புரண்டேன்.
முகட்டு வளை சுழன்றது.
நுளம்பு வலையின் நாலு கயிறும்
ஒன்றையொன்று துரத்தின.
கண்ணை மூடினேன், இருட்டும் சுழன்றது.
அரை நிமிசம்தான் இருக்கும்.
கட்டில் சட்டத்தைப் பிடித்த விரல்கள்
அது முடிந்த பிறகும் விடவில்லை.

பிரசர் என்றான் மச்சான்.
ராத்திரித் தின்ற நண்டு என்றாள் தவமலர்.
வளவுக்குள் யாரோ எதையோ புதைத்ததாய்
வேலிக்கு அங்கால் ஒரு பேச்சு.
பாமசியில் தந்த குளிசை நித்திரையைத் தந்தது.
நித்திரையில் நான் புரண்டேன்.

பதினொரு நாள் பாதை தம்பி கையில்.
நான் என் தலையை
நிறைகுடம் மாதிரித் தூக்கிக்கொண்டு
வீட்டுக்குள் நடந்தேன்.
செருப்பைக் காலாலேயே தேடினேன்.
மேல்தட்டுச் சீனிப் போத்தலை அண்ணாந்து எடுக்கப் பயந்து
வெறுந்தேத்தண்ணி கசக்கக் குடித்தேன்.

களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரியில்
டொக்டர் ஸில்மியா, மருதமுனைப் பிள்ளை,
கேள்வியை வேறெங்கோ தொடங்கினார்.
நாக்குத் தடக்குதா?
கை ஒன்று சோருதா?
பார்க்கிறது இரண்டாய்த் தெரியுதா?
காது இரையுதா, அடைக்குதா?
இல்லை. இல்லை. இல்லை. இல்லை.
"அப்ப ஏறி இரிங்க."

தலையை வலப்பக்கம் அரைவாசி திருப்பி
சடக்கென்று மல்லாக்கச் சரித்தார்.
கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கியது தலை.
ஒன்று, இரண்டு, மூன்று,
வந்தது.
"கண்ண மூடாதீங்க, என்னப் பாருங்க."
எனக்கு அவர் பத்துப் பேராய் ஓடினார்.
அவரோ என் கண்மணியைப் பார்த்தார்,
தூண்டில் மிதவை துடிப்பதைப் பார்க்கிறவர் மாதிரி.
"ஓம், வலது காதுதான்!"
அந்தச் சந்தோசத்தைக் கொஞ்ச நேரம்
மன்னிக்க முடியவில்லை என்னால்.

காதுக்குள்ளே மூன்று வளைந்த வாய்க்காலாம்,
வாய்க்காலுக்குள் தண்ணீராம்.
பக்கத்துப் பைக்குள் ஒட்டியிருக்க வேண்டிய
சுண்ணாம்புப் பொடி,
மணலைவிடச் சின்னது,
கழன்று வாய்க்காலில் விழுந்துவிட்டதாம்.
தலை நின்ற பிறகும் பொடி உருண்டு
தண்ணீரை இழுத்துக்கொண்டு போகுமாம்.
மூளை, பாவம்,
இன்னும் சுற்றுகிறோம் என்று நம்புமாம்.
எனக்கு விளங்கியது.
பாதையில் ஒரு ஆள்
சும்மா இடம் மாறி நின்றாலே
முழுப் பலகைக்கும் அது கேட்கும்.

சுழற்சி அடங்கும்வரை அப்படியே கிடந்தேன்.
பிறகு தலை இடப்பக்கம்.
பிறகு உடம்பும் இடப்பக்கம், மூக்கு நிலம் பார்க்க.
சுவரில் ஒரு மணிக்கூடு.
அதன் பெரிய முள்ளை நான் வெறுத்தேன்.
பிறகு காலைத் தொங்கவிட்டு,
நாடியைத் தாழ்த்தி,
மெல்ல எழும்பி இருந்தேன்.
"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான்."
"குளிசை?"
"தேவைப்படாது. பொடி தன்ட வீட்டுக்குப் போயிருக்கும்.
போகாட்டித் திரும்பி வாங்க."

போகவில்லை, முழுதாக.
அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு தரம் கிடந்தேன்.
அதன் பிறகும் சில நாள்
சீமெந்துத் தரை நனைந்த பாய் மாதிரி இருந்தது.
எப்போதாவது திரும்ப வரும் என்று
சொல்லித்தான் அனுப்பினார்.
தவமலர் இன்றைக்கும் என் வலப்பக்கம்
இரண்டு தலையணையால் அணை கட்டிவிட்டுத்தான் படுக்கிறாள்.

இன்று விடியப் பாதையில்
மூன்று மோட்டார் சைக்கிளும் ஒரே ஓரத்தில்.
"நடுவுக்கு எடுங்க தம்பி!"
கத்திக்கொண்டே திரும்பினேன்,
வலப்பக்கம்,
யோசிக்காமல்.

மண்டூர்க் கரை
இருந்த இடத்திலேயே இருந்தது.