பதினேழாம் கேள்வி

முன்தேர்வுத் தாள்கள் இடப்பக்கம்,
பின்தேர்வுத் தாள்கள் வலப்பக்கம்,
நடுவில் ஆறிப்போன பச்சைத் தேநீர்.
ஓஷ் நகரத்து மார்ச் மழை
சன்னலில் எதையோ எண்ணிக்கொண்டிருக்க
நானும் எண்ணுகிறேன்.

மூன்று வாரம் எக்ஸ்ரே படிக்கச் சொல்லித் தந்தேன்.
நாற்பத்து மூன்று பேர்.
முன்பு சராசரி ஒன்பது, இப்போது பதினாறு.
தற்செயல் அல்ல என்கிறது கணினி,
மூன்று பூஜ்யங்களுக்குப் பின்னால் ஓர் ஒன்றை நிறுத்தி.
துறைத்தலைவர் சாதிர்பாயேவா
வாசலில் நின்றே கைதட்டிவிட்டுப் போனார்.

எல்லாவற்றையும்விட ஏறியது பதினேழாம் கேள்வி.
'இந்தப் படத்தில் இதயம் எப்படி?'
முன்பு சரியாகச் சொன்னவர் நால்வர்,
பின்பு நாற்பத்திரண்டு.
"இதயம் வலப்பக்கம். பிறவியிலேயே."
என் வாக்கியம்
நாற்பத்திரண்டு கையெழுத்தில் என்னிடம் திரும்பியிருந்தது.
கொஞ்ச நேரம் மனம் குளிர உட்கார்ந்திருந்தேன்.

கனிஷாய்க்கு மட்டும் சுழி.
இரண்டு தாளிலும் ஒரே பதில், பென்சிலில்:
"இதயம் சரியாகத்தான் இருக்கிறது.
படம் திரும்பி நிற்கிறது."
முதல் தாளில் சிவப்பு மையால் அதைக் குறுக்கே அடித்தவன் நான்.
இரண்டாவதில் ஒரு வரி கூடியிருந்தது:
"மூலையில் உள்ள எழுத்தைப் பாருங்கள்."

பார்த்தேன்.
வலது என்பதற்காக வைக்கும் ஈய எழுத்து, ருஷ்ய 'பே'.
இரண்டு கால், மேலே ஒரு விட்டம்,
வாசல்நிலை மாதிரி.
கண்ணாடியில் காட்டினாலும் அதே முகம்,
எட்டு வருடமாக என்னைக் காட்டிக்கொடுக்காத முகம்.
அது நின்ற இடம்தான் வேறு.
இதயம் அதற்கு எதிர்ப்பக்கம்,
உங்களுக்கும் எனக்கும் இருப்பதுபோலவே.

சுட்டியை ஒருமுறை சொடுக்கினேன்.
படம் புரண்டது.
இதயம் வீட்டுக்குப் போனது.

அப்படியென்றால்
மூன்று வாரத்தில் முப்பத்தெட்டுப் பேருக்குள்
எதை ஏற்றினேன்?
கணினியிடம் இன்னும் அதே மூன்று பூஜ்யம்.
மாறினார்களா என்று கேட்டாய், மாறினார்கள்,
வேறென்ன கேட்டாய் என்று மினுக்குகிறது.

அவர்கள் இப்போது வார்டுகளில்.
உஸ்கெனில் ஒருவன், நோகாத்தில் ஒருத்தி இரவுப் பணியில்,
யாருடைய நெஞ்சையோ வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடி.
சாதிர்பாயேவாவுக்கு நாளை சொல்லலாம்.
இவர்களுக்கு இப்போதே தட்டினேன்:
"பதினேழு தவறு. தவறு என்னுடையது."

ஒவ்வொன்றாக நீலமாயின குறிகள்.
எர்கேஷ் ஒரு சிரித்த முகம் அனுப்பினான்.
எதற்கென்று தெரியவில்லை.
நள்ளிரவு தாண்டிக் கனிஷாய் எழுதினாள்:
"நன்றி, ஆசிரியரே.
நேரமிருந்தால்
பன்னிரண்டையும் ஒருமுறை பாருங்கள்."