வரிசை எண் 212

மேல் வரியில் பாசனம்.
கீழ் வரியில் தீவு.
நடுவில் இருநூற்றுப் பன்னிரண்டாவது கட்டம்
மூன்று நாளாக வெள்ளையாகவே கிடக்கிறது.

தோம்லூர் அலுவலகத்தின் ஏசிக் குளிரில்
துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு
தமிழ் தேடுகிறேன்:
இஸ்லாமோஃபோபியா.
ஃபோபியா என்றால் அச்சம்.
உயரத்துக்கு அச்சம் போட்டாயிற்று,
நீருக்கு, இருட்டுக்கு, கரப்பானுக்கு,
மூடிய லிஃப்ட்டுக்கு.
இதற்கும் அதையே ஒட்டிவிட்டால்
ஐந்தரை மணி கேபைப் பிடிக்கலாம்.

ஒட்டவில்லை.

அல்சூர் கஜபதி சார் அஞ்சுகிற ஆளில்லை.
இரவு இரண்டு மணிக்கு டார்ச்கூட இல்லாமல்
மொட்டை மாடி ஏறி
டேங்கில் தண்ணீர் பார்ப்பவர்.
வீடு கேட்டுப் போன எங்கள் இருவரையும்
தமிழா என்று கேட்டு மலர்ந்தார்.
கடையநல்லூரா, அடடா,
குற்றாலச் சாரல் அங்கேயும் அடிக்குமே என்று
அவளிடம்தான் அதிகம் பேசினார்.
காப்பி வந்தது. இரண்டாவது டம்ளரும் வந்தது.
பிறகு அக்ரிமெண்டுக்கு ஆதார் கேட்டார்.

ஜெசிமா.
தகப்பன் பெயர் செய்யது மசூது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
கை நடுங்கவில்லை.
"எனக்கு ஒண்ணும் இல்லம்மா,
மாடியில இருக்கிறவங்க ஒரு மாதிரி."
மாடியில் அப்போது யாருமே இல்லை.
அந்தக் காலி மாடியைக் காட்டத்தான்
சாவியைக் கையில் வைத்திருந்தார்.

அச்சத்தை நான் பார்த்திருக்கிறேன்.
அது குடியிருப்பது வேறு முகவரியில்.
எங்காவது குண்டு வெடித்ததென்று செய்தி வந்தால்
மறுநாள் ஜெசிமா பத்து நிமிடம் முன்னதாக வந்து
யாரும் கேட்காமலே 'என்ன அநியாயம்' என்பாள்.
கேபில் உம்மாவின் அழைப்பை எடுக்க மாட்டாள்;
எடுத்தால் முதலில் ஸலாம் சொல்ல வேண்டிவரும்.
கேன்டீனில் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம்
பிரியாணியா என்பான் பிரசன்னா.
புளியோதரைக்கும் கேட்டான்.
அவன் வாய் திறக்குமுன்பே
அவள் சிரித்து முடித்திருப்பாள்.

அன்று ஏரிக்கரையில் பஸ்ஸுக்கு நிற்கையில்
நான் ஒரு யோசனை சொன்னேன்.
அடுத்த வீட்டில் ஜெசி என்று மட்டும் சொல்லேன்,
கிறிஸ்தவப் பெண் என்று நினைத்துக்கொள்வார்கள்.
ஆதாரை நான் தருகிறேன்.
உதவி என்றே நினைத்தேன்.
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.
"ஒரெழுத்துதான வெட்டணும்" என்றாள்
பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே.

ஃப்ரேசர் டவுனில் ஒரு பிஜியில்
நாலு பேரோடு ஓர் அறையில் ஒண்டிக்கொண்டாள்.
அந்த மாடி, சொல்லித்தானே ஆக வேண்டும்,
எனக்குக் கிடைத்தது.
நல்ல காற்று.
அட்வான்ஸில் பத்தாயிரம் குறைத்தும் கொடுத்தார்.

வெறுப்பு என்று தட்டிப் பார்த்தேன்.
போன மாதம் என் காய்ச்சலுக்கு
மிளகு ரசம் கொடுத்தனுப்பிய மனிதர் அவர்.
அந்தச் சொல்லைக் காட்டினால்
எங்கே, யாரிடம் என்று நிஜமாகவே திகைப்பார்.
காழ்ப்பு மிடுக்காக இருக்கிறது,
யாருக்கும் உறைக்காது.
ஒவ்வாமை என்றால்
மருந்துக்கடைக்காரர் மாத்திரை கொடுத்துவிடுவார்.
அழித்தேன், அழித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை
பின்பக்கப் போர்ஷன் கேட்டு ஒரு தம்பதி வந்தார்கள்.
தோளில் தூங்குகிற குழந்தை.
பேச்சும் சிரிப்புமாகக் கொஞ்ச நேரம்.
அவர்கள் சொன்ன பெயர் மேலே கேட்கவில்லை.
அவர் சொன்னது கேட்டது:
"எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி,
மாடியில இருக்கிறவங்க ஒரு மாதிரி."

பல்லிடுக்கில் கிளிப்பைக் கடித்தபடி
கொடிக்கடியில் நின்றிருந்தேன்.
பதினாறு படிகள்தான்.
இறங்கிப் போய் ஒரு வார்த்தை
சொல்லியிருக்கலாம்.
ஈரத் துணியை உதறி
உதறிக் காயப்போட்டேன்.