நாற்பதுக்கு ஒருத்தி

குத்தாயிஸியில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே,
மூன்றாம் மாடியில் உட்கார்ந்தபடி
தம்பெரே நகரத்து நடைபாதைகளில்
சூப்பு கொண்டுபோனேன்.
பின்லாந்தில் நான் கால் வைத்ததில்லை.
ஆனாலும் எந்த முனையில் பனி இறுகி வழுக்கும்,
எந்த மருந்துக்கடை வாசலில் கல் பெயர்ந்திருக்கிறது,
எந்த நாய் சக்கரத்தைக் கண்டால் குரைக்கும்,
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

பெட்டிக்கு ஆறு சக்கரம், ஒரு ஆரஞ்சுக் கொடி.
பக்கவாட்டில் எழுத்து: 'தானாகவே வருகிறேன்.'
அந்தத் 'தானாக' நான்தான்.
நானும் ஒத்தாரும் இன்னும் ஐம்பத்தெட்டுப் பேரும்.

முதல் குளிர்காலம், ஆளுக்கு ஒரு பெட்டி.
சாலையைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும்
ஒத்தார் சிலுவை போட்டுக்கொள்வான்,
அவனே நடந்து கடப்பதுபோல.

இரண்டாவது குளிர்காலம், ஆளுக்கு ஐந்து.
நாங்கள் விரல் அசைத்ததெல்லாம்
அதற்குப் பாடமாகியிருந்தது.
கம்பெனி இரண்டு மடங்கு ஆனதாம்.
அறையில் பாதி நாற்காலி காலி.
அன்றைக்குக் கேக் வந்தது,
மேலே சர்க்கரையில் செய்த ராக்கெட்.
வால் எனக்குக் கிடைத்தது.

ஒத்தார் கணக்கில் கெட்டிக்காரன்.
"ஒரு சூப்புக்கு நாலு யூரோ வாங்குகிறோம்,
ஒன்பது யூரோ செலவழிக்கிறோம்.
எத்தனை சூப்பு விற்றால்
அந்த ஐந்து யூரோ திரும்பி வரும்?"
எல்லோரும் சிரித்தோம். மேலாளரும் சிரித்தார்.
"வளர்ந்தால் சரியாகிவிடும்" என்றார்,
பல் முளைக்கிற குழந்தையின் காய்ச்சலைச் சொல்வதுபோல.

மூன்றாவது குளிர்காலம்
நாற்பதுக்கு ஒருத்தி.
இப்போது நான் ஓட்டுவதில்லை.
அது திகைத்தால் மட்டும் என்னை அழைக்கும்.
பனிமனிதனைப் பார்த்து, இது ஆளா?
செத்த காக்கையைப் பார்த்து, இது குப்பையா?
மல்லாந்து படுத்துக் கைகளை வீசும் சிறுவனைப் பார்த்து,
இவன் விழுந்துவிட்டானா?
இல்லை, விளையாடுகிறான், போ.

ஒருநாள் நடைபாதை ஓரத்தில்
ஒரு பெண் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.
'சுற்றிப் போகலாமா?' என்று கேட்டது.
இடம் இருந்தது. சுற்றிப் போயிருக்கலாம்.
'நில்' என்று அழுத்தினேன்.
ஏன் என்று எனக்கே தெரியாது.
பதினொரு நிமிடம் நின்றோம்,
அவளும் பெட்டியும் நானும்.
அவள் அதன் மூடியில் ஒரு கையை ஊன்றி எழுந்து
மூக்கைத் துடைத்துக்கொண்டு போனாள்.
சூப்பு ஆறிவிட்டது.
என் சம்பளத்தில் பிடித்தார்கள்.

பிப்ரவரியில் என் கடிதம் வரும் என்று காத்திருந்தேன்.
இருநூறுக்கு ஒருத்தி என்று பேச்சு,
அந்த ஒருத்தி நானில்லை என்பதும் தெரியும்.
கடிதம் வந்தது.
அதே காலையில் கம்பெனிக்கும் வந்தது.
என் வேலையைப் பிடுங்க வந்தது
எனக்கு முன்னால் வேலை இழந்தது.
ஜன்னல் ஜன்னலாகத் திரை இருண்டது.
பாலத்தின் மேல் இரண்டு,
டிராம் நிறுத்தத்தில் ஒன்று,
ஒரு வீட்டுக் கதவுக்கு நான்கு அடி முன்னால் ஒன்று,
உள்ளே இன்னும் சூடாக யாருடைய மதியமோ.

சிரிக்க நினைத்தேன். வரவில்லை.
இரண்டு மாதச் சம்பளம் பாக்கி.
கடன்காரர் பட்டியலில், வங்கிக்கும்
முதலீட்டாளருக்கும் டயர் விற்றவருக்கும் கீழே,
அறுநூற்றுப் பதினொன்றாவது பெயர்:
தெக்லே, குத்தாயிஸி.

ஒத்தார் இப்போது ரொட்டி வேன் ஓட்டுகிறான்.
அவனே, அவன் கையாலேயே. சிலுவை போடுவதை விடவில்லை.
தம்பெரேயிலிருந்து யாரோ போட்ட ஒரு படம் பார்த்தேன்:
பாலத்துப் பெட்டிக்குக் கம்பளிக் குல்லாய் மாட்டியிருந்தார்கள்.

போன வாரம் ஒரு புதுக் கம்பெனி கூப்பிட்டது.
எங்கள் மூன்று வருடத்து விரலசைவை
ஏலத்தில் வாங்கிவிட்டார்களாம். நல்ல தரவு என்றார்கள்.
அந்தப் பதினொரு நிமிடம் அதில் இருக்கிறதா என்று கேட்டேன்.
தேதி கேட்டு, தேடிப் பார்த்து,
"தாமதங்களைக் கழித்துவிட்டுத்தான் வாங்கினோம்" என்றார்கள்.

திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.
ஆளுக்கு எண்பது.