சீனி கரையும் நேரம்

வெங்காய வலைப்பையில் வைக்கோலைத் திணித்துத்
தொட்டியில் அமுக்குகிறேன். மிதக்கிறது.
அம்மிக்குழவியைத் தூக்கி மேலே வைத்தால்
குமிழ் குமிழாய் மூச்சு விடுகிறது,
உள்ளே யாரோ இருப்பதுபோல.

மணி ஐந்தே கால்.
புதுவயல் மில்கள் இரவு ஷிப்டின் கடைசி உமியை
ஊதித் தள்ளிக்கொண்டிருக்கின்றன.
தெருவிளக்கைச் சுற்றிப் பறப்பது
பூச்சியா தூசியா, பிடிபடவில்லை.

பள்ளத்தூரில் ஒரு மாப்பிள்ளை அழைப்பில் ஆரம்பித்தது.
மாப்பிள்ளை சாரட்டில் கால் வைக்க,
சீனி இருமியது.
நாயனம் நின்றது, தவில் நின்றது,
அது மட்டும் நிற்கவில்லை.
பெண்வீட்டு மாமா ஒருவர் வானத்தைப் பார்த்தார்.
காண்ட்ராக்டர் ஐந்நூறு பிடித்துக்கொண்டான்,
சகுனத்துக்கு.

தேவகோட்டையிலிருந்து வந்த டாக்டரம்மா
ஒரு பிடி வைக்கோலை என் முகத்துக்கு நேரே உதறினார்.
நான் இருமினேன்.
"புரியுதா?" என்றார்.
பிறகு சீட்டில் எழுதாமல் வாயால் சொன்னது:
நனைச்சுப் போடு. தரையில போடு,
தலை குனிஞ்சு தின்னட்டும், மூக்குல இருக்கறது வடியட்டும்.
காயுறதுக்குள்ள தின்னு முடிக்கணும், மிச்சத்தை அள்ளிரு,
இந்த வெயிலுக்கு மத்தியானமே புளிச்சிரும்.
கால் மணி நேரம் போதும்.
"அதுக்கு மேல ஊறினா சீனி கரைஞ்சு போயிரும்."

எனக்குத் திக்கென்றது.
வெள்ளைக் குதிரை தண்ணீரில் கரைந்து
தொட்டியடியில் லாடம் நாலு மட்டும் கிடப்பதாய்
ரெண்டு நாள் கனவு.

அடைக்கலம் சேர்வை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று
"என்னப்பா, இன்னைக்கும் ரசமா?" என்பார்.
அவர் மாடுகள் காய்ந்ததையே தின்று
நிம்மதியாய் அசைபோடும்.
ஊர்க்கோடி அய்யனாரிடம் நாலு மண்குதிரை,
உடம்பு முழுக்கத் தூசி,
ஒருநாளும் இருமிக் கேட்டதில்லை.
எனக்கு வாய்த்தது நுரையீரல் உள்ள குதிரை.

தண்ணீர்க் கணக்கு வேறு. வேளைக்கு மூன்று குடம்.
வடித்தால் பாலில்லா டீ நிறம்.
முருங்கை வேரில் ஊற்றுகிறேன்.
காய் லேசாக இனிக்கிறது என்று சொன்னால்
நீங்கள் நம்பமாட்டீர்கள், வீட்டிலும் நம்பவில்லை.

குறைகிறதா என்று ராத்திரியில் இருமலை எண்ணுவேன்.
சித்திரையில் முப்பது.
வைகாசி பிறந்து பதினெட்டு.
நேற்று எட்டு.
எட்டாவது
கொட்டகையிலிருந்து வரவில்லை.

பெரியநாச்சி மில்லில் சல்லடைக்குப் பக்கத்தில் நிற்பவள்,
ஒன்பது வருஷமாய்.
குளிக்காமல் சீனிகிட்டப் போகாதே என்று
நான்தான் சொல்லிவைத்திருந்தேன்.
கொல்லையில் நின்று முந்தானையை உதறுவாள்.
அதற்கு முன்
காற்று கொட்டகைப் பக்கம் வீசுகிறதா என்று பார்ப்பாள்.
அந்த முப்பதில்
எத்தனை யாருடையது?

வலைப்பையைத் தூக்கி வடியவிட்டேன்.
சீனி மூக்கைத் தரையில் வைத்துத் தின்கிறது.
ஈர வைக்கோலுக்குச் சத்தம் வேறு,
சரசரப்பு இல்லை, சேற்றில் யாரோ நடப்பதுபோல்.
அவள் தூக்குவாளியோடு படியிறங்கி வந்தாள்.
என் துண்டைத் தொட்டியில் முக்கப் போய்,
கையை இழுத்து,
குடத்து நல்ல தண்ணீரில் முக்கிப் பிழிந்து நீட்டினேன்.
"வாயில கட்டிக்க."
துண்டைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள்.
"என்னையும் ஊறப் போடுறீகளா?"
சிரித்தாள். பாதியில் அது இருமலாகிவிட்டது.
சீனி வாயில் வைக்கோல் தொங்கத்
தலையைத் தூக்கிப் பார்த்தது.

துண்டை வாங்கிக்கொண்டு போனாள்.
கட்டினாளா தெரியாது.
சங்கு ஊதியது.
டாக்டரம்மா நம்பரைத் தேடி அழுத்தினேன்.
அவர் கால்நடை டாக்டர் என்பது
மணி அடிக்க ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது.
நான் வைக்கவில்லை.